இடதுகைக் கிட்டார்

விளம்பரத்தில் இருந்த அந்தப் படத்தைத் தங்கை நாற்பது தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பாள். யாரோ ஒரு வேன் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்திருக்கிறார். வலது கை கழுத்தைப் பிடித்திருக்கிறது, இடது கை கம்பிகளின் மேல் கிடக்கிறது. இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த கிட்டார்! மரக் கிட்டார்தான், ஆனால் ஒயரைச் செருகினால் ஸ்பீக்கரிலும் பேசும். பழையது. இருந்தாலும் அப்படி ஒன்று விற்பனைக்கு வருவது குதிரைக் கொம்பு.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னாள்.

"யோசிச்சுப் பாருண்ணா. கம்பியை அழுத்தத்தான் விரல் நுனி வேணும். உன் வலது கையில அஞ்சும் முழுசா இருக்கு. இடது கைக்குத் தட்டுற வேலை மட்டும்தான். அதுக்கு இருக்குறது போதும்."

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் வெட்டும் மெஷின் அவனுடைய இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் முதல் கணுவோடு எடுத்துக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே தன் கிட்டாரை நண்பன் ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பாட்டுப் போடுவதில்லை. அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தம் வராமல்தான் கழுவுகிறாள். கம்பியை மீட்டுவதற்காக வலது கையில் வளர்த்திருந்த நீள நகங்கள் மட்டும் மிச்சம். அவற்றை அவன் வெட்டவில்லை. யாரும் வெட்டச் சொல்லவுமில்லை.

"பதினாலு வருஷம் கத்துக்கிட்டதை மறுபடி மொதல்லேர்ந்தா? இந்தக் கைக்கு அழுத்தவே தெரியாதுடி."

"பொறந்தவுடனேயா நடந்தே?"

"தத்துவத்தையெல்லாம் உன் பனியன்ல அச்சடி. இந்த நகத்தை வெச்சுக்கிட்டு கம்பியை அழுத்தவும் முடியாது."

"வெட்டு."

"மாட்டேன்."

பனியனில் அச்சடிப்பதுதான் அவள் வேலை. எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித் தாளில் எடுத்து, துணிமேல் கவிழ்த்துச் சூடாக அழுத்தினால் நேராக விழும். நாலு வருஷமாகக் காலை ஒன்பதிலிருந்து திரும்பிய எழுத்துகளில் பிழை பார்க்கிறாள். நேரான எழுத்தைவிட அதைத்தான் கடகடவென்று படிப்பேன் என்று பீற்றிக்கொள்வாள்.

மூன்று நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் தலையை வாரிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"சும்மா பாக்கத்தான் வர்றேன். ஆசையை வளத்துக்காத."

அவள் ஆசை ஏற்கெனவே கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பஸ்ஸில் ஏறினார்கள். வழக்கமாக இடது கையை மட்டும் பைக்குள் ஒளிப்பவன், அன்று இரண்டு கையையும் பேண்ட் பைகளுக்குள் விட்டிருந்தான்.

வேன் டிரைவரின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தது அவர் மனைவி.

"கிட்டாருக்கா வந்தீங்க? மகராசியா இரும்மா. அது வந்ததுலேர்ந்து எங்க பூனை பக்கத்து வீட்டுல குடியிருக்கு."

"அவ கெடக்குறா," என்றார் டிரைவர். "ஆறு மாசத்துல மூணு பாட்டு கத்துக்கிட்டேன்."

"மூணும் ஒண்ணுபோலவே இருக்கும்."

டிரைவர் ஒயரைச் செருகினார், நாற்காலியில் உட்கார்ந்தார், கிட்டாரை மடியில் வைத்தார். அவருடைய இடது கை கழுத்துக்குப் போனது. வலது கை கம்பிக்கு.

தங்கை ஒரு அடி முன்னால் வந்தாள். "நீங்க அந்தப் பக்கம்தானே வாசிப்பீங்க?"

"எந்தப் பக்கம்மா?"

போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். டிரைவர் இப்போது போட்டிருக்கிற அதே பனியன், நெஞ்சில் அதே கம்பெனிப் பெயர். படத்தில் அந்தப் பெயர் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குத் திரும்பி நின்றது. நாற்பது தடவையும் அதைப் படித்திருக்கிறாள். வேறு யார் பார்த்திருந்தாலும் எழுத்து திரும்பியிருக்கிறதே என்று முதல் பார்வையிலேயே கேட்டிருப்பார்கள். அவள் கண்ணுக்கு மட்டும் அது நேராகத் தெரிந்து தொலைத்தது.

"போனை மேசைல நிக்க வெச்சு நானே எடுத்த செல்ஃபி அது," என்றார் டிரைவர். "என் போன் கண்ணாடி மாதிரி திருப்பித்தான் காட்டும்."

அவளுக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

விஷயம் புரிந்ததும் டிரைவர் பாவமாகச் சொன்னார்: "கம்பியைக் கழட்டி மாத்தி மாட்டிக்கலாமே தம்பி? விலையையும் கொறைச்சுக்கறேன்."

"ஆமாண்ணா! வாங்கிடலாம். மொதல்ல இதுல பழகு."

அண்ணன் கிட்டாரை வாங்கி மடியில் திருப்பி வைத்துப் பார்த்தான். அவசரமே படவில்லை. "கம்பியைத் தாங்குற இந்தத் துண்டு சாய்வா இருக்கு பாரு. மாத்தி மாட்டினா சுருதி சேராது. குமிழெல்லாம் தொடைக்கு வந்துடும். கத்துக்குறதே ஒரு கஷ்டம், இது ரெண்டு கஷ்டம்."

பிறகு கிட்டாரைப் பழைய பக்கமே திருப்பினான். வெட்டுப்பட்ட ஆள்காட்டி விரலைக் கம்பிமேல் வைத்து அழுத்தி, வலது கையால் ஒருமுறை தட்டினான். தங்கையின் கண் அந்த வெட்டுப்பட்ட விரலைவிட்டு நகரவில்லை. தகரத்தில் வண்டு மோதியதுபோல ஒரு சத்தம். ஸ்பீக்கர் அதைக் கூடம் முழுக்கப் பெரிதாக்கியது. டிரைவரின் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

அண்ணன் குமிழைத் திருகி ஒலியைக் குறைத்தான். தலையைக் குனிந்து காதை மரத்தருகே கொண்டுபோய், ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுருதி கூட்டினான். அதற்கு இருக்கிற விரல்கள் போதுமாயிருந்தன.

"மூணாவது கம்பி ரொம்ப எறங்கியிருந்துச்சு," என்று கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தான். "இனிமே பூனை வந்துடும்."

டிரைவர் மட்டும் சிரித்தார்.

"அண்ணா, இன்னொரு தடவை யோசி..."

"வேணாம். வா."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. "வேற கிடைக்கும்ணா, தேடுறேன்," என்றாள். "ம்," என்றான். பஸ் சட்டென்று பிரேக் போட்டது. அவன் வலது கையைப் பைக்குள்ளிருந்து உருவி மேல்கம்பியைப் பற்றினான். அப்போதுதான் பார்த்தாள்.

ஒரு நகம்கூட இல்லை. ஐந்தையும் ஒட்ட வெட்டியிருந்தான். கோணலும் மாணலுமாக, ஆள்காட்டி விரலில் சதையோடு சேர்த்து. ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த இடது கையால் நகவெட்டியைப் பிடிக்க எத்தனை நேரம் போராடினானோ.

அவள் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். கையைக் கீழே இறக்கித் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டான். அடுத்த திருப்பத்தில் பஸ் குலுங்கியது. முன்னால் நின்றவர்மேல் சாய்ந்து திட்டு வாங்கியபோதும் கையை வெளியே எடுக்கவில்லை.