கை நனைக்காத வீடு

எட்டுக் கால்களையும் அகல விரித்துச் சுவரோடு சுவராக அது ஒட்டி நிற்கிறது, விரித்த என் உள்ளங்கை அளவு, காய்ந்த புகையிலை நிறம், வயிற்றுக்கடியில் பெப்பர்மிண்ட் மிட்டாய் போல ஒரு வெள்ளை வட்டு, அது முட்டைப் பை, உள்ளே நூறு இருநூறு முட்டைகள் இருக்கும், அவை பொரியும்வரை அதைக் கீழே வைக்காது, அநேகமாக எதையும் தின்னாது, இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும், அன்றைக்குத் தெரியாது, அன்றைக்கு இது இந்தச் சுவரில் இல்லை, கதவின் உட்புறம், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே இருந்தது, இதேதான் அது என்று சொல்ல முடியாது, இவற்றின் ஆயுள் இரண்டு வருஷம், அது செத்து, அதன் பிள்ளைகள் செத்து, எத்தனையோ தலைமுறை இந்த ஓட்டு வீட்டில் பிறந்து போயிருக்கும், ஆனால் குளியலறை அதேதான், சிமெண்டுத் தொட்டியும் அதேதான், இருபத்தொன்பது வருஷம் கழித்து அதே இடத்தில் ஈரக் கையோடு நிற்கிறேன், வெளியே அடுப்படியில் சுலோச்சனா அக்கா எனக்காகச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள், சாப்பிட்டுட்டுப் போறேன்க்கா என்று நான் சொன்னபோது அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள், எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த கடைத் தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

பயம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அல்லது அக்கா சொல்லிச் சொல்லி நினைவாகிவிட்டது, ஆறு வயது, ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடச் சட்டையை மாட்டுகிறேன், காலருக்குள்ளிருந்து ஏதோ ஓடுகிறது, கழுத்தில், காதில், கண்ணிமை மேல், கத்துவதற்கு வாயைத் திறக்கவும் பயம், திறந்தால் உள்ளே போய்விடும், அக்காதான் ஓடிவந்து வெறுங்கையால் அதைத் தட்டிவிட்டாள், அவளுக்கு அப்போது பதினொன்று, அன்றிலிருந்து நான் குளிக்கப் போகுமுன் அவள் விளக்குமாற்றோடு உள்ளே போவாள், நான்கு மூலையிலும் தட்டிவிட்டு வெளியே வந்து, எல்லாத்தையும் டவுன் பஸ் ஏத்தி அனுப்பிச்சாச்சு, துரை இப்பப் போலாம் என்பாள், எனக்கு மீசை அரும்பிய பிறகும் இது நடந்தது, அப்பாவுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்பதால் அவள் மூச்சு விட்டதில்லை, எனக்குப் பதினேழு ஆனபோது நானே ஒருநாள், இனி வேண்டாம், பயமெல்லாம் போயிடுச்சு என்றேன், போகவில்லை, குளிக்கும் நேரம்தான் பாதியாகக் குறைந்தது.

அக்கா திருமூர்த்தி மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்வது நின்றுபோனது, அவர் வேறு சாதி, எங்கள் ஆட்கள் வாசலுக்கு அப்பால் நிறுத்தி வைத்துப் பேசுகிற சாதி, வாய்க்காலில் லஸ்கர் வேலை, அதாவது அணையிலிருந்து வரும் தண்ணீரை முறை வைத்து மடை மடையாகத் திறந்து மூடுகிறவர், எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவரே அவர்தான், அவர் திறந்துவிட்ட தண்ணீரில் விளைந்தது ஆகும், அவர் கையால் மொண்டு கொடுக்கும் தண்ணீர் ஆகாது, எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்து கை நனைத்தால் உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், நனைக்காமல் எழுந்து வந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு, இரண்டையும் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன், போனா அங்கயே இருந்துக்க என்றார் அப்பா, நான் யாருக்கும் பயந்தவனில்லை என்று தெரு கேட்கக் கத்திவிட்டுப் பஸ் ஏறினேன், இருபத்து நான்கு வயது, அந்த வாக்கியத்தை நானே நம்பியிருந்தேன்.

மாமா வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்து நின்றிருந்தார், வெள்ளை வேட்டி, முழங்கை வரை மீன் வாசம், உங்கொப்பனுக்கே பயப்படாம வந்துட்டீங்க பாருங்க, ஆம்பளைன்னா நீங்கதான் மாப்ளே என்று தோளில் கை போட்டார், அக்கா வாசலிலேயே அழுது சிரித்தாள், காத்தால இருந்து என்னை அடுப்படிக்குள்ளயே விடலைடா, எம் மச்சினனுக்கு நானே ஆக்கிப் போடறேன்னு ஒரே அட்டகாசம், உப்பு இருக்குதான்னு மட்டும் அஞ்சு தடவ கேட்டுப்போட்டாரு என்றாள், அணை மீன் குழம்பு, வறுவல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை, ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, கையைக் கழுவிட்டு வந்துடறேன் மாமா என்று இந்தக் குளியலறைக்குள் வந்தேன், கதவைச் சாத்தித் தாழ் போட்டேன், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

எவ்வளவு நேரம் உள்ளே நின்றேன் என்று தெரியவில்லை, தாழ்ப்பாளைத் தொட வேண்டுமானால் அதன் காலுக்கடியில் கை கொண்டுபோக வேண்டும், நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன், தண்ணி வருதுங்களா மாப்ளே என்று மாமா வெளியிலிருந்து கேட்கிறார், வருதுங்க என்கிறேன், என் குரல் ஆறு வயதுப் பையனின் குரல், கடைசியில் அது எதற்கோ அசைந்து மேலே ஓடியது, நான் தாழைப் பிடுங்கிக்கொண்டு வெளியே விழுந்தேன், சட்டை தொப்பல், இலைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து பார்த்தால் ஓட்டுக்கடியில் கைமரத்தின் நிழலில் இன்னும் இரண்டு, மல்லாந்து ஒட்டியபடி, நேராக இலைக்கு மேலே, அங்கே உட்கார என் உடம்பு மறுத்துவிட்டது, நான் கிளம்பறேன், பல்லடத்துல ரிப்பேருக்கு ஒரு வண்டி வழியில நிக்குது, இப்பத்தான் ஞாபகம் வந்தது என்றேன், செல்போன் இல்லாத காலம், யாரும் வந்து சொல்லவும் இல்லை, பொய் என்று சுவருக்குக்கூடத் தெரிந்திருக்கும், அக்கா என் கண்ணைப் பார்த்தாள், ஏண்டா, உள்ள பூச்சி கீச்சி பாத்தியா என்று கேட்டாள், மாமா சிரிக்கத் தயாராக நின்றார், ஆமாம் என்றால் போதும், மூன்று பேரும் சிரித்திருப்போம், அவர் ஒரு விளக்குமாற்றை எடுத்திருப்பார், நான் வெளியே களத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன், ஆனால் ஆம்பளைன்னா நீங்கதான் என்ற வார்த்தை இன்னும் என் தோளில் இருந்தது, சேச்சே, அதெல்லாம் சின்ன வயசோட போச்சுக்கா என்றேன், மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு வராமலே நின்றது, குனிந்து இலைகளைப் பார்த்தார், பிறகு ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு, தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போங்க மாப்ளே என்றார், அந்தக் கூரைக்கடியில் இன்னொரு நொடி நிற்க முடியாது, வேண்டாங்க மாமா என்று சொல்லிவிட்டு நடந்தேன், பாலம் தாண்டிய பிறகுதான் நான் என்ன செய்துவிட்டு வருகிறேன் என்பது உறைத்தது, திரும்பிப் போகலாம், நாலு நிமிஷ நடை, போகவில்லை.

என் கல்யாணத்துக்கு மாமா வந்தார், மண்டப வாசலில் நின்று வாழ்த்திவிட்டு, பந்திக்கு வாங்க மாமா என்று நான் கையைப் பிடித்தபோது மெதுவாக விடுவித்துக்கொண்டு, இல்லீங்க மாப்ளே, மடை திறக்கோணும், இப்பத்தான் ஞாபகம் வந்தது என்றார், என் வாக்கியத்தை எனக்கே திருப்பிக் கொடுத்தார், கோபமே இல்லாமல், அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை நான் அங்கே போவேன், வாசலோடு, வேப்பமர நிழலில் நாற்காலி போடுவார், கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கிவந்து, மூடி திறக்காமல், திறப்பானோடு என் முன்னால் வைப்பார், நீங்களே திறந்துக்குங்க என்பார், தன் கை படாமல் இருக்கட்டும் என்று அவர் எனக்காகச் செய்த மரியாதை அது, அவர் மடைக்குக் கிளம்பிப் போன பிறகும் நான் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், சொல்ல நினைப்பேன், ஒவ்வொரு வருஷம் போகப் போக அது சொல்ல முடியாததாக ஆனது, பத்து வருஷம் கழித்து ஒருவரிடம் போய், உங்களை அவமானப்படுத்தவில்லை, ஒரு பூச்சிக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய அவமானமாகத்தானே கேட்கும்.

எனக்கு வேலை பொக்லைன் வண்டிகளின் ஹைட்ராலிக் பார்ப்பது, பம்ப் எண்ணெயை அழுத்தும், எண்ணெய் குழாய் வழியாக ஓடி சிலிண்டருக்குள் புகுந்து தண்டைத் தள்ளும், இரும்புக் கை நீளும், எண்ணெய் கசிந்தால் கை துவண்டுவிடும், அவ்வளவுதான், என் பட்டறை மூலையில் செத்துக் கிடக்கும் எட்டுக்கால் பூச்சிகளைத் தூர நின்று பார்ப்பேன், எல்லாமே காலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும், ஆடு செத்தால் கால் தளர்ந்துதானே கிடக்கிறது, இது மட்டும் ஏன் முஷ்டி பிடித்தாற்போலச் சுருள்கிறது என்று பல வருஷம் யோசித்தேன், ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வண்டியின் எண்ணெய் ஹோஸ் வெடித்து, அதைச் சரிசெய்ய நான் போனேன், அந்த வீட்டுக்காரம்மா கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர், பெயர் கிரேஸ், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், அவர் வெடித்த ஹோஸைக் காட்டி, இதேதானுங்கண்ணா, அதுக்குக் காலை மடக்கத்தான் தசை இருக்குது, முக்கியமான மூட்டுல நீட்டறதுக்குத் தசையே இல்ல, உடம்புல இருக்கற ரத்தத்தை அழுத்திக் காலுக்குள்ள தள்ளித்தான் நீட்டுது, செத்தா பிரஷர் போயிடும், மடக்கற தசை மட்டும் மிச்சம், சுருண்டுக்கும், எங்க பசங்ககூட இதைக் கேட்டதில்லீங்க என்றார், நான் அன்று சாயங்காலம்வரை வேலை செய்யவில்லை, நாற்பத்தெட்டு வயது, இத்தனை காலம் நான் பயந்து செத்தது ஒரு சின்ன ஹைட்ராலிக் வண்டிக்கா என்று உட்கார்ந்திருந்தேன்.

பயம் அதோடு போய்விடவில்லை, அதைப் பட்டறை வேலை போல வரிசையாகச் செய்தேன், முதலில் செத்த ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து மேஜை மேல், பத்து நாள் கழித்து அதைத் திறந்து, ஊசியால் ஒரு காலை நீட்டிப் பார்த்து, விட்டால் அது தானே மடங்குவதைப் பார்த்து, பிறகு உயிரோடு ஒன்று, கண்ணாடி பாட்டிலில், மூடியில் ஓட்டை போட்டு, முதலில் அறையின் அந்தக் கோடியில், வாரத்துக்கு ஒரு முழம் நகர்த்தி, கடைசியில் என் கை பாட்டிலின் மேல், கரப்பான் பூச்சியைப் போட்டால் அது பாய்வதைப் பார்த்து, பிறகு டம்ளரும் காலண்டர் அட்டையும், கவிழ்த்து, அட்டையைச் சொருகி, எடுத்துப்போய் வேலியில் விட்டு, இதற்கே மூன்று வருஷம் ஆகிவிட்டது, அப்போதே போய் மாமாவிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் வேலை முழுசாக முடியாமல் வண்டியைப் பட்டறைக்கு வெளியே விடுவது எனக்குப் பழக்கமில்லை, கையிலேயே எடுக்க வந்துவிடட்டும், அவர் வீட்டுப் பூச்சியை அவர் கண் முன்னால் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லலாம், அப்போதுதான் நம்புவார் என்று நினைத்தேன், சுண்டுவிரல் நுனியில், பிறகு புறங்கையில், பிறகு உள்ளங்கையில், போன ஆடி மாதம் முதல் தடவையாக ஒன்று என் உள்ளங்கையில் நின்று காலை நீட்டியது, அடுத்த ஞாயிறு போகலாம் என்று இருந்தேன், வியாழக்கிழமை மாமா மடைமேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், நான் போனபோது அவரை வேப்பமரத்தடியில் பெஞ்சின் மேல் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள்.

இப்போது கையைச் சுவரோடு ஒட்டி வைக்கிறேன், மறு கையின் விரலைப் பின்னாலிருந்து மெல்ல நகர்த்துகிறேன், அது ஒரு காலைத் தூக்கி என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்க்கிறது, பிறகு ஒவ்வொரு காலாக ஏறிக்கொள்கிறது, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, மறு கையைக் குடைபோலக் கவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன், அக்கா என்றேன், அவள் திரும்பினாள், கையைத் திறந்து காட்டினேன், அன்னிக்கு இதுதான்க்கா, வேற ஒண்ணுமே இல்ல, சாமி சத்தியமா இதுதான் என்றேன், அக்கா பூச்சியைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள், கையிலயா வெச்சிருக்கற என்றாள், இப்பப் பயமில்லக்கா என்றேன், அன்னிக்கு என்று கேட்டாள், பயத்துல செத்துட்டேன் என்றேன், அடுப்பை அணைத்தாள், நாங் கேட்டனேடா, அவரு முன்னால வெச்சு, பூச்சி கீச்சி பாத்தியான்னு கேட்டனே என்றாள், கேட்டக்கா என்றேன், இல்லைன்னியே என்றாள், அவள் கரித்துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள், நீ பாலம் தாண்டினதுமே அவரு கேட்டாரு, ஏன் சுலோ, உந்தம்பிக்கு எட்டுக்கால் பூச்சின்னா ஆகாதும்பியே, அதா இருக்குமோ, நம்ம வீட்டுல அது நெறைய கெடக்குதேன்னு கேட்டாரு, கேட்டுட்டு எந்திரிச்சு உன்னையக் கூட்டியாரப் போனாரு, நாந்தான் புடிச்சு நிறுத்துனேன், அதான் அவனே இல்லைன்னு சொல்லிப்போட்டானே, அப்பறமென்ன, எங்க ரத்தம் அப்பிடித்தானுங்க, சோத்துல காட்டிப்போட்டுப் போறான், விடுங்கன்னு நாந்தாண்டா சொன்னேன், அவரு நெனச்சதுதான் சரி, நாந்தான் கெடுத்தேன் என்றாள், இல்லக்கா நான் என்று ஏதோ சொல்ல வந்தேன், அவள் என் பக்கம் திரும்பாமலே, கொண்டுபோயி இருந்த எடத்துலயே உடு, முட்டையோட இருக்குதாட்ட இருக்குது, உட்டுட்டு வா, சோறு ஆறுது என்றாள்.

நான் மறுபடி உள்ளே வந்து கையைச் சுவரில் வைத்தேன், அது உடனே போகவில்லை, கைச் சூடு பிடித்திருந்தது போல, பிறகு முன்கால் இரண்டையும் நீட்டிச் சுண்ணாம்பைத் தொட்டது, எங்கோ அதன் நெஞ்சுக்குள் ஒரு சிறு அழுத்தம் கூடி, ஒவ்வொரு காலாக நீண்டு, எட்டும் விரிந்து, பழையபடி சுவரோடு சுவராக நின்றது, வயிற்றுக்கடியில் அந்த வெள்ளை வட்டு, வெளியே அக்கா அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன், தெரியவில்லை, கதவு திறந்துதான் கிடக்கிறது, தாழ்ப்பாளை யாரும் மறிக்கவில்லை, சோறு ஆறுதுடா என்று அவள் இரண்டாம் தடவை கூப்பிடுகிறாள், வந்துட்டேன்க்கா என்கிறேன், இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் இங்கே நிற்கலாம் போலிருக்கிறது, வெளியே போகத்தான் பயமாக இருக்கிறது.