ஜன்னல் பக்கம்

புது ஆபீசில் இருப்பது ஒரே ஜன்னல். அங்கே யாருக்கும் இடமில்லை, வருகிறவர்கள் உட்கார சோபாதான் என்று நிர்வாக அதிகாரியம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பழைய ஆபீசிலிருந்து போகிற மேசைகளில் எது எங்கே என்று ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஹால் மைதானமாகக் கிடக்கிறது. ஜன்னலடியில் மேசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. சோபா கழிவறை வாசலில்.

“என்னப்பா கூத்து இது?” என்று சுமைதூக்கும் மேஸ்திரிமேல் பாய்ந்தார்.

“எல்லா மேசையிலயும் ‘ஜன்னல் பக்கம்’னுதானேம்மா ஒட்டியிருக்கு!”

அதிகாரியம்மா ஊழியர்கள் பக்கம் திரும்பினார். “ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?”

எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். மேஸ்திரி மட்டும் அடி மேசையைத் தட்டிக் காட்டினார்.

“உங்களுது பத்திரமா இருக்கும்மா. ஜன்னல்கிட்ட வேணும்னு காதோட சொன்னீங்களே, அதான் முதல்ல இறக்கிட்டோம்.”