மறுபடியும் உப்பிய கன்னம்

எண்பத்தாறாம் வருஷம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியபோது செண்பகத்துக்கு ஒன்பது வயசு. ஈறில் ரத்தம், தொடையெல்லாம் நீலத் திட்டு. ரத்தப் புற்று என்று சொன்ன டாக்டரம்மா, அழுதுகொண்டிருந்த தாய் ராஜாமணிக்குப் புரியும்படி பேசினார்.

"நேரம் வந்தா நீயா சுருங்கிச் செத்துப் போன்னு ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு உத்தரவு இருக்கும்மா. இந்த வெள்ளைச் செல்லுங்க அதை மறந்துட்டுப் பெருகிக்கினே போவுது. மாத்திரை உள்ள போயி ஞாபகப்படுத்தும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

மாத்திரை சொன்னதைச் செல்கள் கேட்டன. திட்டு மறைந்தது. பிள்ளைக்கு அப்படியொரு பசி! சொம்பு நிறைய கேப்பைக் கூழ் குடித்துவிட்டு, அவித்த மல்லாட்டைக் கடலைக்குக் கை நீட்டினாள். கன்னம் உப்பிக் கண்ணே சிறுத்துப் போனது.

நாத்தனார் வெள்ளையம்மாள் வந்து பார்த்துச் சிரித்தாள். "இன்னா அண்ணி, நோவுன்னு சொன்னீங்க? பூசணிக்காயாட்டம் ஊதிக்கினு இருக்குது! இதுக்கு இன்னும் மாத்திரையா?"

பள்ளிக்கூடத்திலும் அதே கேலி. "பூசணின்றாங்கம்மா. மாத்திர வேணாம்மா" என்று செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜாமணி மகள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். இத்தனை சதை போட்ட பிள்ளையிடம் நோய் எங்கே இருக்கப்போகிறது? மிச்ச மாத்திரையைக் குப்பையில் கொட்டினாள்.

கன்னம் வற்றி, பழைய முகம் திரும்பியது. கண்பட்டுவிடும் என்று சுற்றிக்கூடப் போட்டாள். கொஞ்ச நாளில் ஈறில் மறுபடி ரத்தம்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் ராஜாமணிக்குப் பயமாக இருந்தது. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார், ஊசியும் போட்டார். சில வாரம் கழித்து ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஞ்சின செல்லுங்க இப்ப கேக்கலம்மா. மாத்திரை சொல்லிக்கினுதான் இருக்குது."

"நான் நிறுத்தாம இருந்திருந்தா?"

"நிறுத்தாம குடுத்தும் இப்படி ஆன புள்ளைங்க உண்டும்மா."

உண்டு என்றாரே தவிர, உன்னால் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபோது செண்பகத்தின் கன்னம் மறுபடியும் உப்பியிருந்தது. கன்னத்தை ஊதவைக்கும் அந்த வேலையை மட்டும் மாத்திரை ஒழுங்காகச் செய்திருந்தது. வெள்ளையம்மாள் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"பாருங்க அண்ணி, கன்னத்த! புள்ள தேறிடுச்சி!"

"பூசணின்னு சொல்லு அத்தே" என்று செண்பகம் சிரித்தாள்.

"ஆமா, தேறிடுச்சி" என்றாள் ராஜாமணி. பாவாடை விலகிய இடத்தில் தெரிந்த நீலத் திட்டைத் துணியை இழுத்து மெல்ல மூடினாள்.