முப்பத்தோரு பேர்

தட்டில் பெசரட்டுத் தோசை ஆறிக்கொண்டிருந்தது. என் கணவர் லிங்கமூர்த்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பினார்.

"முப்பத்தோரு பேரு, ராஜ்யம். நேத்து ஒரே நாள்ல."

அவர் இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. மாரடைப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அவரை நினைத்தால் முதலில் வந்து நிற்பது அன்றைய முகம்தான்.

பாலாநகர் தொழிற்சாலையை மூடி அவரை அனுப்பியபோது வயது ஐம்பத்து மூன்று. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவித்தரும் வேலையை இரண்டு ஆட்களோடு தொடங்கினார். எல்லாரும் போனில்தான் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, அமீர்பேட்டையில் இணைய விளம்பர வகுப்பில் சேர்ந்தார். மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுப் போட்டு எழுதிப் படித்தார். குக்கட்பள்ளியில் யாராவது தொட்டி கழுவப் போனில் ஆள் தேடினால் மேலே அவர் பெயர் விளம்பரமாக வரும்படி செய்துவிட்டார்.

முதன்முதலாக அது வந்ததும் நான் படமெடுத்து எங்கள் குடும்பத்துப் பெண்கள் குழுவில் போட்டேன். தினமும் ஒரு தடவை தேடி நம் பெயரை அழுத்துங்கள், அப்போதுதான் மேலேயே நிற்கும் என்று எழுதினேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. கல்யாணப் படத்துக்கு இதயக்குறி போடுவது போல அதுவும் ஒன்று என்று நானாக நினைத்துக்கொண்டேன். சித்திகள், ஓரகத்திகள், அவர்கள் பெண்கள் எல்லாரும் இதே நகரத்தில்தான் இருந்தார்கள். அவருடைய அக்கா, நான் வதின என்று கூப்பிடும் சகுந்தலா, குரல்செய்தி அனுப்பினார். "குளிச்சு, விளக்கேத்தி, என் தம்பியை ஒரு அழுத்து அழுத்திட்டுத்தான் எனக்கு டீயே." குழுவே சிரித்தது.

"முப்பத்தோரு பேரும் நம்ம விளம்பரத்தை அழுத்தி உள்ள வந்து பாத்திருக்காங்க" என்றார் அவர், பெசரட்டைத் தொடாமல். "ஒவ்வொரு ஆள் அழுத்தும்போதும் நம்ம பணம் பதினெட்டு ரூபா போகும். போகட்டும். ஆனா ஒருத்தர்கூட போன் பண்ணலயே."

"ஒவ்வொரு தடவையுமா போகும்?"

"பின்ன சும்மா காட்டுவானா? உங்க அண்ணன் வச்ச கடையா அது?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார், "நான் எழுதினதுலதான் ஏதோ குறை. வாசல்வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க."

அவர் வெளியே போனதும் குழுவில் எல்லாரையும் அழுத்துவதை நிறுத்தச் சொன்னேன். வதினவுக்குப் போனே செய்தேன்.

"ஏம்மா, என் கை ராசி இல்லையா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல வதின. இனிமே அதுவா நிக்கும்."

மறுநாள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒருவருமில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் விளம்பரத்தின் மூன்று வரிகளையும் அடித்து அடித்து நோட்டில் எழுதிப் பார்த்தார். ஒரு காலையில், போனிடம் பேசுவது போல, "வந்தவங்க ஊரெல்லாம் சொல்லிட்டாங்க போல" என்றார்.

உண்மையைச் சொன்னால் அந்த முப்பத்தோரு பேரும் இல்லாமல் போவார்கள். சொல்லாவிட்டால், அவரைப் பார்த்து வேண்டாமென்று போனவர்களாக நிற்பார்கள். இரண்டில் எது அவருக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்ததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்றுதான் யோசித்தேன்.

"ராஜ்யம், 'நம்பகமான' நல்லாருக்கா, 'பொறுப்பான' நல்லாருக்கா?"

"பொறுப்பான."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக மாற்றினார். சட்டையை மாட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் வாங்கச் சந்தைக்குப் போனார்.

நான் சமையலறையில் நின்று தேடினேன். மூன்றாவதாக வந்தது. இந்த முறை எல்லாம் தெரிந்தேதான் அழுத்தினேன். பக்கம் திறந்தது. நீலச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி, ஒரு கறுப்புத் தொட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் போனைப் பார்த்தார்.

"வார்த்தையை மாத்தினதும் ஒருத்தர் வந்திருக்காங்க பாரு" என்றார். "நீ சொன்ன வார்த்தைதான்."

நான் பச்சிப்புலுசு ரசத்தை ஊற்றினேன். அவர் போனின் சத்தத்தை முழுக்கக் கூட்டித் தட்டின் இடப்பக்கம் நிமிர்த்தி வைத்தார். வலது கையால் சோற்றைப் பிசைந்தார். இடது கையை லுங்கியில் இரண்டு தரம் துடைத்து, ஈரமில்லாமல், போனுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார்.