நடுவைத் தாண்டிய உச்சி

அந்தக் குழாய் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது வாலுவுக்கு.

மூடிக் கிடந்த தொழிற்சாலைக் கூடம். கூரைக்குக் கீழே சுவருக்குச் சுவர் ஓடியது ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாய். கேமரா ஓடத் தொடங்கியதும் அதற்கு அடியில் அவள் பைக்கோடு பறக்க வேண்டும். படத்தின் கதாநாயகி நாற்காலியில் இளநகையோடு உட்கார்ந்திருப்பாள், பறப்பது வாலு.

"என்ன வாலு, குழாயோட கண்ணாமூச்சியா?" என்றார் அண்ணன். யூனிட்டுக்கு ஸ்டண்ட் மாஸ்டர். வாலு என்று அவளுக்குப் பெயர் வைத்தவரும் அவரே.

"இடிக்கும்ணே."

"இடிக்காது. குறியைப் பாரு."

தரையில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. ஏறிப் பாயும் சாய்தளத்துக்கும் இறங்கும் மேடைக்கும் நட்டநடுவில், ஒவ்வொரு தாவலுக்கு முன்பும் அண்ணன் தன் கையாலேயே போடும் குறி. வண்டி உச்சி தொடுவது அதற்கு மேலேதான், அங்கே தொங்குவதைக் கழற்று, மற்றதை மற. இதுதான் அவர் சட்டம். இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இன்றும் குறிக்கு மேலே தொங்கிய விளக்கைக் கழற்றிவிட்டார். குழாய் குறியிலிருந்து இரண்டு மீட்டர் அப்பால்.

"நடுவைத் தாண்டினா இறக்கம்தானே? குழாய் வர்றதுக்குள்ள நீ கீழ வந்துட்டிருப்ப."

"ரெண்டு பக்கமும் ஒரே உயரம்னா நீங்க சொல்றது சரிண்ணே. இன்னிக்கு அப்படியா?"

இல்லைதான். டைரக்டருக்குக் காலையில் திடீர் யோசனை. வண்டி தரை மேடையில் இறங்கினால் சப்பென்று இருக்கிறதாம், கன்டெய்னர் பெட்டியின் தலையில் இறங்க வேண்டுமாம். ஆக இறங்கும் இடம் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் எகிறிவிட்டது. அண்ணனின் குறி மட்டும் பழைய வழக்கப்படியே.

சாய்தளத்தின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்த கணவனின் காதிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை உருவினாள் வாலு. வெல்டர் காதில் பென்சிலுக்குப் பதில் அதுதான் இருக்கும். இரும்புத் தகட்டில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு.

"ஆரம்பிச்சுட்டாளா!" என்றார் அண்ணன். "மாப்ள, உன் பொண்டாட்டி சாயங்காலக் காலேஜுல சேர்ந்தாலும் சேர்ந்தா, பால் பாக்கெட்டுக்குக்கூட கிராஃப் போடுறா."

"பால் எப்ப பொங்கும்னு தெரிஞ்சுக்கத்தான் மச்சான்," என்றான் அவன், தலை நிமிராமல்.

வாலு வரைந்தது கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவு. "நேத்து மைதானத்துல இதே சாய்வு, இதே வேகம். ஒரே உயரத்துல பதினாறு மீட்டர் தள்ளி இறங்கினேன். உச்சி பாதியில, எட்டுல. இன்னிக்கும் நான் போறது அதே வளைவுதான். கன்டெய்னர் என்னைப் பன்னெண்டுலயே நிறுத்திடுது. அதுக்காக உச்சி நகருமா? நீங்க பன்னெண்டுல பாதி, ஆறுல குறி போட்டிருக்கீங்க. உச்சி இன்னும் எட்டுலதான் இருக்கு. குழாயும் அங்கதான் இருக்கு."

அண்ணனின் முகம் கறுத்தது. லைட்மேன்கள் வேறு வேடிக்கை பார்க்கிறார்கள்.

"பயமா இருந்தா சொல்லிடு. வேற ஆள் வெச்சுத் தாண்டிக்கிறேன்."

சுருக்கென்றது அவளுக்கு. "தாண்டப்போறது நான்தான். ஆனா தலையோட தாண்டுவேன். அந்தத் தீயணைப்பு ஹோஸைக் கொஞ்சம் குடுங்க."

"மாஸ்டர், வெளிச்சம் போகுது!" டைரக்டர் மைக்கில் கத்தினார்.

"போகட்டும் சார், தலை போறதுக்கு இது தேவலை," என்று பதிலுக்குக் கத்தினாள் வாலு.

பைக்கின் டயர் அடியிலிருந்து தன் ஹெல்மெட் உச்சி வரை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டச் சொன்னாள். கணவன் ஏணியில் ஏறி அதைக் குழாயிலிருந்து தொங்கவிட்டான். பிறகு ஹோஸின் வாயைச் சாய்தள நுனியில், அதே சாய்வில் வைத்துப் பிடித்தாள்.

"கிளம்புற இடம், சாய்வு, இறங்குற இடம். மூணும் ஒண்ணா இருந்தா நடுவுல ஒரே ஒரு வளைவுதான்ணே. தண்ணிக்கும் அதான், என் டயருக்கும் அதான். குச்சி நனைஞ்சா என் தலை குழாயில. நனையலைன்னா நான் இனி வாயே திறக்கல."

"இது நல்ல பந்தயம்," என்றார் அண்ணன்.

தண்ணீர் பாய்ந்தது. முதலில் பாதியிலேயே விழுந்தது. விசையைக் கூட்டக் கூட்ட எட்டி, எட்டி, கடைசியில் கன்டெய்னரின் விளிம்பில் சடசடத்தது. எல்லார் கண்ணும் மேலே. நீர் வளைவு பெருக்கல் குறியைக் கடந்தது, கடந்தும் ஏறிக்கொண்டே போனது. படாரென்று குச்சியின் நுனியில் அடித்தது. குச்சி எகிறி ஆட, சாரல் அண்ணனின் முகத்திலேயே வந்து விழுந்தது.



அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் ஹெல்மெட்டை ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை குழாயைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "இப்ப என்ன பண்ணலாம் வாலு?"

"சாய்வைக் குறைப்போம். வேகத்தை நான் கூட்டிக்கிறேன். உச்சி இன்னும் அந்தப் பக்கம் நகரும். ஆனா வளைவு தட்டையாயிடும், அவ்வளவு உயரம் போகாது."

கணவன் ஜாக்கியைப் போட்டுச் சாய்தளத்தை இறக்கினான். மறுபடியும் தண்ணீர். கன்டெய்னர் நனைந்தது. குச்சி அசையவில்லை. ஏணியில் ஏறித் தடவிப் பார்த்தவன், "பொட்டு ஈரம் இல்ல மச்சான்!" என்றான். அந்தக் குச்சியை அவிழ்க்க அண்ணனே ஏறினார்.

"ஆக்‌ஷன்!"

எஞ்சின் உறுமியது. சாய்தளம் கீழே நழுவியது. காற்று. குறி காலடியில் ஓடி மறைந்தது. வண்டி இன்னும் ஏறிக்கொண்டே போனது, சிரித்தாள். தகட்டில் வரைந்த கோட்டின் மேலேயே போவது போலிருந்தது. துரு மணக்க, குழாய் ஹெல்மெட்டுக்கு மேலே கடந்து போனது. தொடவில்லை. டமால்! இரண்டு சக்கரமும் கன்டெய்னரின் தலையில்.

கைதட்டல் ஓய்ந்தபோது கீழே எட்டிப் பார்த்தாள். அண்ணன் தன் பெருக்கல் குறியைச் செருப்பால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். கையில் மாப்பிள்ளையின் சுண்ணாம்புக் கட்டி.

"வாலு! நாளைக்கு லாரிலேர்ந்து கீழ தாவுற ஷாட். குறி எங்க போடணும்?"

"கீழ இறங்குறதா? அப்போ உச்சி நடுவுக்கு முன்னாடியே வந்துடும்ணே," என்றாள் அவள், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "இருங்க, வரைஞ்சு காட்டுறேன்."