ஈரத்துணி பட்ட சம்மனசுகள்

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தைத் துப்புரவாக வைத்திருந்தது ஒரே ஒரு சிஸ்டர்தான். பீடத்துக்குப் பின்னால் கூரை வரை எழும்பி நின்ற, மெல்லிய தங்கத் தாளான ரேக்கு ஒட்டிய பழைய மரவேலைப்பாடு என்றால் அவருக்கு உயிர். சனிக்கிழமை தவறாமல் முக்காலியில் ஏறி, ஈரத்துணியால் அதில் செதுக்கியிருந்த தேவதூதர்களின், அந்தச் சம்மனசுகளின் முகம், இறக்கை, கால்விரல் இடுக்கு வரை துடைப்பார். கை எட்டியது கீழ்வரிசை எட்டுப் பேருக்குத்தான். மேல்வரிசை தூசியில் கிடப்பது அவருக்குப் பெரிய மனக்குறை.

ஒரு நாள் காலை, அந்த மரவேலைப்பாட்டைப் பழுதுபார்க்க வெளியூரிலிருந்து வந்த அம்மா சாரத்தில் ஏறி, மேல்வரிசைத் தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டாள். தங்கம் நேற்று ஒட்டியது போலத் தகதகத்தது. கீழ்வரிசையிலோ அடிப்பூச்சுச் செம்மண் பல்லிளித்தது.

“ரேக்கு ஒட்டின பசை தண்ணி பட்டா கரைஞ்சிடும். யாரோ ஈரத்துணி போட்டிருக்காங்க,” என்றாள்.

கீழே நின்ற மடத்துத் தலைவி மதர் எதுவும் பேசவில்லை. சிஸ்டர் கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சாயங்காலம் மதரின் அறைக்கதவைத் தட்டினார்.

“மதர், அந்த எட்டையும் நான்தான் பாழாக்கிட்டேன். அழகு பார்க்கிறேன்னு தேய்ச்சுத் தேய்ச்சு...”

மதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு முன்னாடி அது யார் வேலை தெரியுமா?”

“தெரியாதே.”

“என் வேலை. பன்னிரண்டு வருஷம். நீயாவது வெறும் தண்ணி. நான் எலுமிச்சம்பழச் சாறு! பளிச்சுன்னு இருக்கும்னு யாரோ சொன்னாங்க. காலையில நானும் வாயைத் திறக்கல, பாரு.”

மறுநாள் இருவரும் சேர்ந்தே போய் ஒப்புக்கொண்டார்கள். அந்த அம்மா இடுப்பில் கைவைத்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“முக்காலி குட்டையா இருந்தது நல்லதாப் போச்சு,” என்றாள். “மேல இருக்கிறதைப் பார்த்துக் கீழே சரி பண்ணிடலாம்.”

புது ரேக்கு ஒட்டும்போது சிஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எந்தச் சம்மனசின் ஆடை எங்கே மடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அவரால்தான் முடிந்தது. மூச்சுக்காற்றுக்கே பறக்கும் ரேக்கு முதல் கன்னத்தில் படிந்ததும் சிஸ்டருக்குக் கண் நிறைந்தது.

“அழணும்னா தள்ளி நின்னு அழுங்க சிஸ்டர்.”

சிஸ்டர் நாலடி பின்னால் போய், ஆற அமர அழுது முடித்துவிட்டு வந்து, அடுத்த ரேக்கின் தாளைப் பிரித்துக் கொடுத்தார்.