சுண்ணாம்புத் தண்ணீர்

பதினோரு வாரமாகக் கல்லில் பிடித்திருந்த வழுவழுப்பு போய்விட்டது. ஓவர்சியர் அப்பாத்துரை ஒரு சல்லிக் கல்லை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சொரசொரவென்றிருந்தது. முகர்ந்தார். சுண்ணாம்பு.

பாளையங்கோட்டைப் பெண்கள் விடுதியின் கழிவுநீர் முதலில் மூடிய தொட்டியில் தங்கும். பிறகு இந்தச் சல்லிப் படுகையில் சொட்டுச் சொட்டாக இறங்கும். கல்லில் வழுவழுப்பாகக் குடியேறிய கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். வெளியே வரும் தண்ணீர் நாறாது. டிசம்பர் இருபத்தேழாம் தேதி சென்னை டாக்டர் அதைச் சோதிக்க வருகிறார். நாறினால் தொட்டியை மண் போட்டு மூடிவிட்டுக் கழிவைப் பழையபடி வாய்க்காலில் விடுவார்கள். அந்த வாய்க்காலில்தான் கீழே இரண்டு ஊர் குளிக்கிறது.

அந்தக் கிருமிகள் சாகாமலிருக்க அப்பாத்துரை ஃபினாயிலைப் பூட்டி வைத்திருந்தார். சமையல்கட்டு எண்ணெய்க்குத் தனிக் குழி வெட்டியிருந்தார். மழைத் தண்ணீர் புகாமல் வரப்பு கட்டியிருந்தார். கிறிஸ்துமஸை மறந்துவிட்டார்.

"யாருலே ஊத்தினது?"

"வெள்ளையடிச்ச பொம்பளையதான்யா," என்றான் தொட்டிக் காவலாள் சங்கிலிபூதத்தான். "பண்டிகைக்கு வருசா வருசம் அடிக்கதுதான. மிச்சத்தச் சாக்கடையில கவுத்திட்டு, பானைய அங்கனயே கழுவிட்டாளுவ. எட்டுப் பானை."

"நீ எங்கலே போன?"

"நாந்தான்யா தண்ணி எறைச்சுக் குடுத்தேன்."

இன்னும் ஐந்து நாள். புதுக் கிருமியைக் கொண்டுவந்து விடுவதைத் தவிர வேறு வழியில்லை. இருவரும் ஊர்ச் சாக்கடைக்குப் போய், கல்லில் அப்பியிருந்த கறுத்த சேற்றை இரண்டு வாளி சுரண்டி வந்தார்கள்.

விடுதித் தலைவி ஹெப்சிபா வாசலிலேயே மறித்தார்.

"என்னது அது?"

"கிருமிம்மா. தொட்டிக்கு."

"அறுவது பிள்ளைய இருக்க எடத்துக்குக் கிருமியக் கொண்டு வாரீரா?"

"இது நல்லது செய்யிற கிருமிம்மா."

"போன வருசம் காலரா வந்தப்ப, கிருமின்னா சுண்ணாம்பப் போட்டுக் கொல்லுங்கன்னு வீடு வீடாச் சொன்னது ஆரு? நீருதான?"

அவர்தான். அப்பாத்துரை வாளியைக் கீழே வைத்தார்.

"பண்டிகை முடியட்டும்," என்றார் ஹெப்சிபா.

"அப்புறம் ஒரு நாள்தாம்மா இருக்கு."

கதவு சாத்தியாகிவிட்டது. வாளிச் சேறு இரண்டு நாளில் வெயிலில் காய்ந்து வெடித்தது.

இருபத்தேழாம் தேதி டாக்டர் கண்ணாடிக் குப்பியை மூக்கருகே கொண்டுபோனார். உடனே தள்ளிப் பிடித்தார். ஹெப்சிபா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அழுக்கு எங்கயாவது அழுக்க எடுக்குமா டாக்டர்? நான் அப்பவே சொன்னேன்."

மறுநாள் காலை மண்வண்டிகள் வந்தன. எங்கே கொட்ட வேண்டும் என்று வண்டிக்காரன் கேட்டான். அப்பாத்துரை தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.